உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் முன் ஒரு நகரச் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

13 முதல் 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளையோடு, புதுப் பள்ளி திறப்பதற்கு முந்தைய விடுமுறையில் பெரிய நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கானது இந்தப் பக்கம். மூன்று நாள் பயணம் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். ஒரே நாள் என்றாலும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும். சில கேள்விகள் பெற்றோர் கேட்பவை, சில பிள்ளைகளே கேட்பவை.

விடுமுறையின் எந்தப் பகுதியில் போவது நல்லது?

பள்ளி திறப்பதற்கு 10 நாளாவது முன்னதாக வீடு திரும்பிவிடுங்கள். காரணம் தூக்கம். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவ வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பின்னால் தள்ளிப்போகிறது. இரவு 11 மணிக்கும் கண் மூடாமல் கிடப்பதற்கு அடம் மட்டும் காரணமில்லை. விடுமுறையில் 2 மணி நேரம் தள்ளிப்போன தூக்கத்தை நாளுக்கு 15 நிமிடமாக முன்னே கொண்டுவந்தால் 8 நாள் பிடிக்கும். ஞாயிறு இரவு ஊர் திரும்பி, திங்கள் காலை புதுப் பள்ளி என்று திட்டமிட்டால் முதல் வாரம் முழுக்க வகுப்பில் கொட்டாவிதான்.

சேர்க்கைத் தாள்கள், விடுமுறைப் பாடம் போன்றவற்றைக் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். பாதியில் விட்டுவந்த வேலை பயணம் முழுக்கப் பேச்சில் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாளில் எத்தனை இடங்களை வைத்துக்கொள்ளலாம்?

உள்ளே நுழைந்து பார்க்கிற பெரிய இடம் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். பாலம், சதுக்கம், கடைத்தெரு, பூங்கா என்று வெளியே நின்றபடி பார்ப்பவற்றை இதில் சேர்க்க வேண்டியதில்லை.

மேடு பள்ளமில்லாத சாலையில் சாதாரணமாக மணிக்கு 5 கி.மீ. நடக்கலாம். நின்று பார்ப்பது, படம் எடுப்பது, சிக்னலில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் அது 2 அல்லது 3 கி.மீ. ஆகிவிடும். மேப் ஆப் 20 நிமிட நடை என்று காட்டினால் 35 நிமிடம் ஒதுக்குங்கள். நுழைவாயில் வரிசை, பைச் சோதனை, கழிப்பறை, தண்ணீர் நிரப்புவது ஆகியவை எந்த ஆப்பின் கணக்கிலும் வருவதில்லை. காலை 10 மணிக்குத் தொடங்கும் நாளில் இரண்டு பெரிய இடங்களும் அவற்றுக்கு இடையே ஒரு நீண்ட நடையும் சேர்ந்தாலே மாலை 5 ஆகிவிடும். மூன்றாவது இடத்தையும் திணித்தால் அங்கே பார்ப்பதற்குக் கால் ஒத்துழைக்காது.

காலையில் எழுப்பவே முடியவில்லை. கூட்டத்துக்கு முன் போக வேண்டுமே?

எல்லா நாளும் விடியற்காலையில் எழுப்பாதீர்கள். மூன்று நாளில் ஒரு நாளை மட்டும் அதற்கென்று ஒதுக்கி, எங்கே கூட்டம் அதிகமோ அந்த இடத்துக்கு அன்று திறக்கும் நேரத்துக்கு 20 நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். எந்த நாள் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மற்ற இரு நாளும் 10 மணிக்குக் கிளம்பினால் போதும். அந்த நாட்களில் வாரநாள் மாலையின் கடைசி இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். குழுவாக வருபவர்கள் அதற்குள் பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள். ஆனால் மூடும் நேரம் வேறு, உள்ளே விடும் கடைசி நேரம் வேறு. இரண்டுக்கும் நடுவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும். 6 மணிக்கு மூடும் இடத்துக்கு 5.30-க்குப் போய் வாசலிலேயே திரும்புகிறவர்கள் நிறைய.

போய் நின்றால் 'இன்று விடுமுறை' என்கிறார்கள். இதை எப்படித் தவிர்ப்பது?

அருங்காட்சியகங்களுக்குப் பொதுவான விடுமுறை நாள் எதுவும் கிடையாது. பாரிஸிலேயே லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே திங்கட்கிழமை. தாஜ் மஹாலுக்கு வெள்ளி விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். முதலில் இடங்களின் விடுமுறை நாட்களை எழுதி, அதன் பிறகு எந்த நாளில் எது என்று பிரியுங்கள். நாளைப் பிரித்துவிட்டு விடுமுறையைச் சரிபார்த்தால் திட்டத்தை மறுபடி போட வேண்டியிருக்கும்.

நேரம் குறித்த டிக்கெட் மட்டுமே தரும் இடங்கள் இன்னொரு வகை. நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்தபடி நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் பிராங்க். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆன் பிராங்க் இல்லத்துக்கு ஆன்லைனில் மட்டுமே டிக்கெட். ஆறு வாரத்துக்குப் பிந்தைய தேதிகளுக்கான டிக்கெட்டுகள் செவ்வாய்தோறும் வெளியாகும். நேரில் போய்க் கெஞ்சிப் பயனில்லை. ஆன் அங்கே ஒளிந்து வாழப் போனபோது வயது 13. இந்த வயதுப் பிள்ளைகள் எங்கேயும் வாய் ஓயாதவர்கள்கூட, அந்த அறைகளில் மௌனமாகிவிடுவார்கள். அப்படி ஓர் இடம் உங்கள் பட்டியலில் இருந்தால் பயணத் தேதியையே அதற்கு ஏற்ப அமைக்கலாம்.

திட்டத்தைப் போடுவது யார், பிள்ளையா நாமா?

பணமும் பாதுகாப்பும் பெரியவர் கையில், வழியும் வரிசையும் பிள்ளை கையில். இன்னும் சில வாரத்தில் இதே பிள்ளை புதுப் பேருந்தில் புதுப் பள்ளிக்குப் போய்வரப் போகிறது. வழி பார்த்துப் போகும் பழக்கம் இந்த மூன்று நாளில் வந்துவிட்டால் பயணத்துக்குச் செலவழித்தது அதிலேயே தேறிவிடும்.

முதல் நாள் பெரியவர் வழி காட்டட்டும், பிள்ளை பக்கத்தில் நின்று பலகைகளைப் படிக்கட்டும். அன்றிரவு அடுத்த நாளுக்கான வழியைப் பிள்ளை அரைத் தாளில் எழுத வேண்டும். எந்தத் தடம், எந்தத் திசை, எங்கே இறங்குவது, எந்த வாசல் வழியாக வெளியேறுவது, திரும்பி வரக் கடைசி வண்டி எப்போது. திசை என்பதற்கு இடம் வலம் என்று எழுதக் கூடாது. அந்தத் தடம் முடியும் கடைசி நிலையத்தின் பெயரை எழுத வேண்டும். மெட்ரோக்களில் பெரும்பாலும் நடைமேடைப் பலகையில் அந்தப் பெயர்தான் இருக்கும். எதிர்த்திசை வண்டியில் ஏறிவிடுகிறவர்கள் செய்யும் பிழை எப்போதும் இதுதான்: தடத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள், கடைசி நிலையத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் பிள்ளை முன்னால், பெரியவர் பத்தடி பின்னால். 'இல்லப்பா, லெஃப்ட்ல போகணும்' என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சாலை ஆபத்தோ ரயில் தவறிவிடும் அவசரமோ இல்லை என்றால் ஐந்து நிமிடம் பொறுங்கள். தவறான தெருவில் 200 மீட்டர் போய், பெயர்ப்பலகையைப் பார்த்து, தானே திரும்பும் பிள்ளை அந்தச் சந்திப்பை மறக்காது. பெரியவர் இன்னொரு போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் வந்தால் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். பிறகு யோசிக்கும் வேலையை உங்களிடமே விட்டுவிடும்.

மெட்ரோ வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தைக் கணிக்கலாமா?

கூடாது. ஹாரி பெக் வரைந்து 1933-இல் லண்டன் சுரங்க ரயிலுக்காக வெளியான வரைபடத்துக்குப் பிறகு, உலகின் பெரும்பாலான மெட்ரோ வரைபடங்கள் அதே பாணியில்தான் வருகின்றன. கோடுகள் நேராகவும் 45 பாகைச் சாய்விலும் இருக்கும், நிலையங்கள் ஏறக்குறையச் சம இடைவெளியில் இருக்கும். எது எதோடு இணைகிறது என்பதை அது சொல்லும், எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லாது. அதே லண்டனில் லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டன் வரை சுமார் 260 மீட்டர்தான். வரைபடத்தில் அதுவும் முழு ஒரு நிறுத்தம். கீழே இறங்கி, வண்டிக்குக் காத்திருந்து, மறுபடி மேலே ஏறி வருவதற்குள் மேலே தெருவில் நடந்தவர் போய்ச் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஒரு நிறுத்தம் அல்லது இரண்டு நிறுத்தம் என்றால் சாதாரண மேப்பிலும் ஒரு முறை பாருங்கள். 1 கி.மீ.-க்குள் இருந்தால் நடப்பது மேல், தெருவும் கண்ணில் படும். வெளியேறும் வாசலையும் முன்பே பார்த்து வையுங்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் வெளியே வந்தால் அகலமான சாலையின் மறுபக்கத்திலோ அடுத்த தெருவின் கோடியிலோ நிற்பீர்கள்.

மேப்பில் நீலப் புள்ளி தாறுமாறாகக் குதிக்கிறதே?

உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதனால் போன் தன் இடத்தைப் பத்து இருபது மீட்டர் தள்ளிக் கணிக்கும், சில சமயம் பக்கத்துத் தெருவிலேயே கொண்டுபோய் வைக்கும். சுரங்க நிலையத்திலிருந்து வெளியே வந்த முதல் நிமிடத்தில் இது அதிகம்.

அந்த நேரத்தில் போன் காட்டும் அம்புக்குறியை நம்பி நடக்காதீர்கள். தெருப் பெயர்ப்பலகையை அல்லது ஒரு பெரிய கட்டடத்தின் பெயரைப் பாருங்கள், மேப்பில் அதைத் தேடுங்கள். முடியாவிட்டால் ஏதேனும் ஒரு திசையில் 20, 30 மீட்டர் நடந்து புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். திசைமானி மட்டும் பிசகியிருந்தால், போனைக் கையில் பிடித்து எட்டு போடுவதுபோல் சில முறை சுழற்றினால் சரியாகும். நகரத்தின் மேப்பை முந்தின இரவே பதிவிறக்கி வைப்பது கட்டாயம். நெட் இல்லாமலும் புள்ளி காட்டும், ஆனால் கீழே வரைபடம் இல்லாமல் வெறும் சாம்பல் திரையில் காட்டும்.

பிள்ளை ரயிலில் ஏறிவிட்டது, நாங்கள் ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது. என்ன செய்வது?

இதற்கான விதியை முதல் ரயில் ஏறும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். விதி எளியது, யார் நகர்வது, யார் நிற்பது என்பது மட்டும்தான்.

1. ரயிலில் இருப்பவர் அந்த வண்டி நிற்கும் அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும்.
2. இறங்கிய நடைமேடையிலேயே, நாற்காலி இருந்தால் அதில், காத்திருக்க வேண்டும். படியேறவோ எதிர் நடைமேடைக்குப் போகவோ கூடாது.
3. பின்தங்கியவர் அதே திசையில் வரும் அடுத்த வண்டியைப் பிடித்து அங்கே போவார்.
4. நேர்மாறாக, பெரியவர் ரயிலில், பிள்ளை நடைமேடையில் என்றால் பிள்ளை அசையாமல் அங்கேயே நிற்க வேண்டும். பெரியவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வருவார்.

நான்காவதில்தான் குழப்பம் வருகிறது. பிள்ளை அடுத்த வண்டியில் ஏறும், அதே நேரம் பெரியவர் எதிர்த்திசையில் வந்துகொண்டிருப்பார், இருவரும் சுரங்கத்தில் ஒருவரை ஒருவர் கடந்து போவார்கள். சுரங்கத்துக்குள் போனுக்கு சிக்னல் கிடைக்காமலும் போகலாம். அதனால் யார் பின்தங்கினாலும் ஒரே விதி வேண்டும் என்று நினைப்பவர்கள், முதல் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, 'ரயிலில் இருப்பவர் இறங்கி நிற்பார், பின்தங்கியவர் வருவார்' என்று இருவருக்கும் பொதுவாக்கிவிடலாம். எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்து, இரண்டு முறை சொல்ல வைத்துச் சரிபாருங்கள். பத்து நிமிடத்தில் ஆள் வரவில்லை என்றால் நிலையப் பணியாளரிடம் போவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரம் தனியாகச் சுற்றிவர விடலாமா?

முதல் நாளே வேண்டாம். இரண்டாம் நாள் ஒரே அருங்காட்சியகத்துக்குள் 45 நிமிடம் பிரிந்து போய், குறித்த இடத்தில் சந்தியுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்தால் மூன்றாம் நாள் வெளியே ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் விடலாம், பகலில் மட்டும். எல்லையை 'இந்த ஏரியாவுக்குள்' என்று சொன்னால் போதாது. நான்கு பக்கத்துக்கும் நான்கு தெருப் பெயர் சொல்ல வேண்டும்.

சந்திக்கும் இடம் நுழைவாயிலாக இருக்கக் கூடாது. எல்லோரும் நிற்கும் இடம் அது, பல கட்டடங்களுக்கு இரண்டு மூன்று நுழைவாயில் வேறு. குறிப்பிட்ட சிலை, கடிகாரம், தகவல் மேசை என்று ஒன்றே ஒன்றாக இருப்பதைச் சொல்லுங்கள். நேரம் தவறினால் 15 நிமிடம் காத்திருப்பது, அதற்கு மேல் அழைப்பது, போன் எடுக்காவிட்டால் யார் எங்கே போவது என்பதையும் முடிவு செய்யுங்கள்.

பிள்ளையின் சட்டைப்பையில் ஒரு சீட்டு: தங்குமிடத்தின் பெயரும் முகவரியும் (உள்ளூர் எழுத்திலும்), பெரியவர்கள் இருவரின் எண்கள், அந்த நாட்டின் அவசர எண். போன் தொலைந்தாலும் சார்ஜ் தீர்ந்தாலும் உதவுவது அந்தச் சீட்டுதான். ஓர் எண்ணாவது மனப்பாடமாக இருக்கட்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவின் எண்கூடத் தெரியாது, போனில் 'அம்மா' என்று மட்டும் தெரியும்.

போன் மதியத்துக்குள் செத்துவிடுகிறது. எந்த அளவு பவர் பேங்க் போதும்?

மேப், கேமரா, வெளிச்சத்தைக் கூட்டிய திரை, பலவீனமான சிக்னலைத் தேடிக்கொண்டே இருப்பது என நான்கும் சேர்ந்து பேட்டரியைக் குடிக்கின்றன. இருவருக்கு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று போதும். ஆனால் 5,000 எம்ஏஎச் போனை அது இரண்டு முறை நிரப்பும் என்று நினைக்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் அளவு உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். நடைமுறையில் ஒன்றரை முறை கிடைக்கும்.

விமானத்தில் போவதென்றால் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோக 100 வாட்-அவர் (பேட்டரியில் சேரும் ஆற்றலின் அளவு) வரைதான் எல்லை. 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட்-அவர், 20,000 என்பது 74. அச்சு அழிந்து அளவு தெரியாததைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. கேபிள் இரண்டு எடுத்துப்போங்கள். பவர் பேங்க் கெடுவதைவிடக் கேபிளை விடுதியில் மறந்துவிட்டு வருவதுதான் அதிகம்.

ஒரு நாள் பாஸ் வாங்குவது லாபமா?

பாஸின் விலையை ஒரு பயணத்தின் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்றரை வந்தால், நான்காவது பயணத்திலிருந்துதான் லாபம். நடக்கவே அதிகம் திட்டமிட்டிருக்கும் நாளில் நான்கு முறை ஏறுவது அரிது. இன்னொரு பொறி: 24 மணி நேர பாஸும் ஒரு நாள் பாஸும் ஒன்றல்ல. முன்னது முதல் முறை பயன்படுத்திய நொடியிலிருந்து ஓடும், பின்னது பல ஊர்களில் அன்றைய சேவை முடிவதோடு தீர்ந்துவிடும். மாலை 4 மணிக்கு வந்து இறங்கும் நாளில் ஒரு நாள் பாஸ் வாங்குவது வீண்.

நுழையும்போதும் வெளியேறும்போதும் கார்டைத் தட்டும் ஊர்களில், தட்டி நுழைந்த அதே பொருளால்தான் தட்டி வெளியேற வேண்டும். ஒரே வங்கிக் கணக்கானாலும் போனும் அட்டையும் வேறு வேறாகவே எண்ணப்படும். போனில் நுழைந்து அட்டையில் வெளியே வந்தால் இரண்டு முழுமையடையாத பயணம், இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம். அப்படிப்பட்ட ஊர்களில் பெரும்பாலும் ஒரு கார்டில் இரண்டு பேர் நுழையவும் முடியாது. காகித டிக்கெட் ஊர்களில் ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரை போட வேண்டுமா என்று பாருங்கள். வாங்கிவிட்டேனே என்று காட்டினாலும் முத்திரை இல்லை என்றால் அபராதம்தான்.

நுழைவுச் சீட்டில் வயது உங்களுக்குச் சாதகம். லூவ்ர் உட்படப் பல அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். பிறந்த தேதி உள்ள அடையாள அட்டை கையில் வேண்டும். எல்லா இடமும் சேர்ந்த நகர பாஸைப் பிள்ளைக்கு வாங்கும் முன், அதில் உள்ள இடங்களில் எத்தனை அதற்கு எப்படியும் இலவசம் என்று எண்ணிப் பாருங்கள்.

புது ஷூ போட்டுப் போகலாமா?

வேண்டாம். ஒரு நாளில் 15,000 முதல் 20,000 அடிகள் வரை சாதாரணமாக வரும், அதாவது 10 முதல் 14 கி.மீ. குறைந்தது இரண்டு வாரம் போட்டுப் பழகிய ஷூ வேண்டும். இந்த வயதில் கால் வேகமாக வளரும் என்பதால் பழகிய ஷூவும் இறுக்கமாகியிருக்கலாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, மாலையில் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நடந்த பின் கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது.

கொப்புளத்துக்குக் காரணம் உராய்வும் ஈரமும். தடித்த பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் வியர்வையைச் சீக்கிரம் உலரவிடும் செயற்கை இழைக் கலப்புள்ள சாக்ஸ் மேல். குதிகாலில் சூடாக, எரிவதுபோல் தோன்றிய அந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், நடை கோணலாகும்போதுதான் தெரியும். நீர் கோத்துவிட்டால் குத்தி உடைக்காதீர்கள். தானாக உடைந்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, மேல்தோலை உரிக்காமல் அப்படியே விட்டு, பெட்ரோலியம் ஜெல்லி தடவி மூடுங்கள்.

வெயிலில் தலை சுற்றுகிறது என்றால்?

நடையை அங்கேயே நிறுத்துங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், மிகுந்த வியர்வை ஆகியவை வெப்பக் களைப்பின் அறிகுறிகள். நிழலுக்கோ ஏசி இடத்துக்கோ கொண்டுபோய், படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டாலும், பேச்சு குழறினாலும், குழப்பமாக நடந்துகொண்டாலும் உடனே அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைக் கிளம்ப 15 நிமிடம் முன் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுங்கள். காதும் பின்கழுத்தும் விட்டுப்போகும்.

எனக்கு மியூசியம் என்றாலே போர். போய்த்தான் ஆகணுமா?

எல்லா அறையையும் பார்க்கச் சொல்வதால்தான் போர். லூவ்ரில் 30,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் பார்வைக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்றால் 250 மணி நேரம் ஆகும். பெரியவர்களாலும் முடியாது, பார்த்ததாக நடிக்கிறார்கள். இந்தக் களைப்பு இன்று நேற்றுக் கண்டதல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே, கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்க ஓர் ஆள் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டி, இதைப் பற்றி எழுதினார்.

முந்தின இரவு தரைத்தள வரைபடத்தைத் திறந்து ஐந்து பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். போர்க்கவசமா, மம்மியா, டைனோசரா, பழைய கணினியா, உங்கள் விருப்பம். அவை எந்தத் தளம், எந்த அறை என்று குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் தேடிப் போங்கள். மேல்தளத்திலிருந்து தொடங்கிக் கீழே வந்தால் கூட்டமும் படியேற்றமும் குறைவு. 90 நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். நடுவில் ஒரு முறை உட்காருங்கள். ஐந்தைத் தேடும்போது வழியில் ஆறாவது ஏதாவது கண்ணில் பட்டு நின்றுவிட்டால், அதற்கு அனுமதி உண்டு.

பெற்றோருக்கு ஒன்று: விளக்கப் பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டாதீர்கள். புதுப் பள்ளியின் வரலாற்றுப் பாடத்தில் இது வரும் என்ற பேச்சும் வேண்டாம்.

உயரமான கோபுரத்துக்கு எந்த நேரத்தில் ஏறுவது?

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மேலே இருக்கும்படி. பகல் நகரத்தையும் விளக்கேறிய நகரத்தையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். அந்த நேரத்துக்கான டிக்கெட்டுகள்தான் முதலில் தீரும். காற்று பலமாக இருந்தால் மேல்தளத்தை மூடிவிடுவார்கள், அதனால் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள். ஐஃபிள் கோபுரத்தில் இரண்டாம் தளம் வரை படியேறியும் போகலாம், 674 படிகள். பிள்ளை ஏறிவிடும். உங்களால் முடியுமா என்று பாருங்கள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து படம் எடுக்கும்போது லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கையால் மறையுங்கள். உள்ளே எரியும் விளக்கின் பிம்பம் விழாது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

மேல்தளம் திறந்த சுற்றுலாப் பேருந்து?

முதல் நாள் முற்பகலில், எங்கும் இறங்காமல் ஒரு முழுச் சுற்று. எது எதற்குப் பக்கத்தில் என்று பிள்ளைக்குப் பிடிபடும், அதுதான் அதன் பயன். போக்குவரத்து வண்டியாக அதை நம்பினால் நெரிசலில் மாட்டுவீர்கள். கடைசி வண்டி மாலையிலேயே முடிந்துவிடும் ஊர்களும் உண்டு.

போன் திருட்டு, பிக்பாக்கெட் பற்றிப் பயமாக இருக்கிறது.

போன் போகும் இடம் பெரும்பாலும் இரண்டு. மெட்ரோவில் கதவருகே நின்று போன் பார்ப்பது: கதவு மூடப்போகும் நொடியில் பறித்துக்கொண்டு வெளியே குதித்துவிடுவார்கள். நடைபாதையின் விளிம்பில் நின்று மேப் பார்ப்பது: இருசக்கர வண்டியில் வருபவருக்கு அது கைக்கெட்டும் தூரம். கதவை விட்டு உள்ளே தள்ளி நில்லுங்கள். தெருவில் மேப் பார்க்க வேண்டும் என்றால் சுவரோரம் போய், முதுகைச் சுவருக்குக் கொடுத்துப் பாருங்கள். கூட்டத்தில் முதுகுப்பை முன்னால் வரட்டும். கையெழுத்து கேட்பவர், கையில் கயிறு கட்ட வருபவர் ஆகியோரிடம் நிற்காமல் நடப்பது மரியாதைக்குறைவு ஆகாது என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். நல்லபடி வளர்ந்த பிள்ளைகள்தான் அங்கே மாட்டுகிறார்கள்.

பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். பிள்ளையிடம் தங்குமிடம் திரும்பும் அளவுக்குச் சில்லறை எப்போதும் இருக்க வேண்டும், வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. படங்களை அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு பதிவிட்டால் போதும். புதுப் பள்ளியின் பெயர் தெரியும் படம் வேண்டாம்.

அம்மா மட்டும், அல்லது சித்தப்பா, அத்தையோடு வெளிநாடு போவதென்றால் ஏதாவது தாள் வேண்டுமா?

18 வயதுக்கு உட்பட்டவர் பெற்றோரில் ஒருவரோடு மட்டுமோ உறவினரோடோ எல்லை கடக்கும்போது, மற்றவரின் சம்மதக் கடிதத்தைச் சில நாடுகள் கேட்கும். பயணத் தேதிகள், அழைத்துப் போகிறவரின் பெயர், பாஸ்போர்ட் எண், கையெழுத்துப் போட்டவரின் தொடர்பு எண் ஆகியவை அதில் வேண்டும். நோட்டரி சான்றோடு இருந்தால் நல்லது. பிறப்புச் சான்றின் நகலும் கூடவே இருக்கட்டும், ஏனெனில் தாய்க்கும் பிள்ளைக்கும் குடும்பப் பெயர் வேறாக இருந்தால் முதலில் வரும் கேள்வி அதுதான்.

மூன்றாம் நாள் எல்லோருக்கும் எரிச்சல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பசியா, தூக்கமா, கால்வலியா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று. இதற்காகவே மூன்றாம் நாள் மதியம் மூன்று மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் விடுதியில் போனோடு படுத்துக் கிடப்பேன் என்று பிள்ளை சொன்னாலும் விடுங்கள். மழை பெய்தால் போகலாம் என்று வைத்திருந்த உள்ளரங்க இடம் ஏதாவது மிச்சமிருந்தால் மாலையில் போய்க்கொள்ளலாம்.

கற்றுக்கொண்ட வழித்தடப் பழக்கத்தைப் பள்ளிக்குப் போய்வர எப்படிப் பயன்படுத்துவது?

ஊர் திரும்பிய வாரமே, அதே அரைத் தாள் முறையில் வீட்டிலிருந்து பள்ளிக்கான வழியைப் பிள்ளை எழுதட்டும். ஒரு ஒத்திகை போதாது. விடுமுறை நாளில் 25 நிமிடத்தில் போய்ச் சேரும் வழி, வேலை நாளின் காலையில் 45 ஆகலாம். அதனால் வாரநாளில், பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை நேரத்தைக் குறியுங்கள், நிறுத்தம் வரை மட்டும் அல்ல. புத்தகம் போட்ட பையைச் சுமந்து போவது நல்லது. பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், 45 கிலோ பிள்ளைக்கு நாலரைக் கிலோ.

அதன் பிறகு மாற்று வழியிலும் ஒரு முறை. வழக்கமான பேருந்து வராத நாளில் எந்த எண் வண்டி, எங்கே மாறுவது, அங்கிருந்து எவ்வளவு நடை என்று பிள்ளையே கண்டுபிடித்து முன்னால் போகட்டும். நீங்கள் பத்தடி பின்னால்.